ஒரு பக்கம் தேய்ந்த டயர்: புதுக்கோட்டைச் சாலைகளின் நூறாண்டு

கார் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அடியிலிருந்து ஓர் இரைச்சல் எழுகிறது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. கடைக்குக் கொண்டுபோனால் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு, மாத்திருங்க" என்கிறார்கள். கார் வைத்திருக்கிறவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது. சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பாதியோடு நின்றுவிடுகிறது. டயர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்ந்தது என்பது மீதிப் பாதி. சத்தம் டயரிலிருந்து வந்தாலும் காரணம் பெரும்பாலும் டயருக்கு வெளியே இருக்கிறது: சக்கரம் நிற்கும் கோணத்தில், காற்றின் அளவில், ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பரில், உடைந்த சாலை விளிம்பில். அதை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் அதுவும் அதே பக்கம் தேய்ந்து அதே சத்தத்தைப் போடும். புதுக்கோட்டை வட்டாரத்தில் சக்கரமும் சாலையும் உராய்ந்து வந்த கதையை நூறாண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. சீரற்ற தேய்மானம் புதிய சங்கதி அல்ல. மாட்டு வண்டிக்கும் இருந்தது, பேருந்துக்கும் இருந்தது. ஆனால் அந்தந்தக் காலத்தில் சக்கரத்தின் நடத்தையைத் தொடர்ந்து கவனித்து, நினைவில் வைத்து, காரணம் தேடும் பொறுப்பு யாரோ ஒருவரிடம் இருந்தது. சொந்தக் காரின் காலத்தில் அது யாரிடமும் இல்லை. இன்றைய டயர் இரைச்சலுக்கு அடிப்படை இந்த இழப்புதான் என்பது என் வாதம்.

இதைப் பேசப் புதுக்கோட்டையைவிடப் பொருத்தமான நிலம் குறைவு, ஏனென்றால் இது நெடுங்காலம் சாலையை மட்டுமே நம்பி வாழ்ந்த நாடு. தொண்டைமான்களின் சமஸ்தானம் 1,179 சதுர மைல் பரப்பு. ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என மூன்று தாலுகா. நாற்புறமும் ஆங்கிலேயரின் ஜில்லாக்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் பாதை 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருந்த புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929இல். இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், நெல்லும் உப்பும் துணியும் விறகும் கருங்கல்லும், திருமணத்துக்குப் போகிறவர்களும் வழக்குக்குப் போகிறவர்களும் எல்லாம் சக்கரத்தின் மேல் சாலை வழியாகத்தான் போக வேண்டும். 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தின் நிர்வாகத்தை நடத்திய திவான் அ. சேஷையா சாஸ்திரி தெருக்களையும் ஊருணிகளையும் சீர்படுத்தியதைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். ரயில் இல்லாத தலைநகரில் தெருவைச் சீராக்குவது அழகுக்கான வேலை மட்டுமல்ல, ஊர் பிழைப்பதற்கான வேலையும்கூட. இந்த நிலத்தின் பெரும்பகுதி செம்மண்ணும் செம்புராங்கல்லும் சரளையும். மழையில் ஊறினால் தடம் விழும், வெயிலில் காய்ந்தால் அந்தத் தடம் அப்படியே இறுகும். கப்பி போட்டு இறுக்கிய சாலையிலும் ஓடிய சக்கரத்தின் குணம் எழுத்தாகப் பதியும்.

அந்தச் சக்கரத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். நடுவே மரக்குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், அவற்றின் முனைகளைச் சேர்த்து வளைத்த வட்டைகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வெளியே இரும்புப் பட்டா. வரட்டியை வட்டமாக அடுக்கித் தீமூட்டிப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் வட்டையின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். கோடையில் மரம் வற்றிச் சுருங்கினால் பட்டா தளரும், மறுபடி கட்ட வேண்டும். குடத்துக்குள் இருக்கும் இரும்புக் குழல், இருசு எனும் அச்சோடு உராய்ந்து தேய்ந்தால் சக்கரம் ஆடத் தொடங்கும். ஆடுகிற சக்கரத்தின் பட்டா முழு அகலத்தோடு தரையில் படியாது. ஒரு விளிம்பு மட்டும் தேயும், மறு விளிம்பு அப்படியே நிற்கும். அப்போது வண்டியின் சத்தமும் மாறும். இன்றைய காரின் முன் சக்கரத்தில் நடப்பதும் இதுவேதான்: சுழலும் பொருள் தனக்குரிய கோட்டில் நிற்காமல் ஒரு விளிம்பில் சாய்ந்து இழுபடுவது. மரமும் இரும்பும் இருந்த இடத்தில் ரப்பரும் கம்பியும் வந்திருக்கின்றன, உராய்வின் விதி மாறவில்லை. வண்டிக்காரர் அன்றாடம் செய்யக்கூடியது இருசுக்கு மசகு போடுவது. வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை மூங்கில் குழாயில் வண்டியோடு தொங்கும். அதற்கு மேல் போனால் ஆசாரியிடம் போக வேண்டும். உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டு வழியாக அறிகிறோம். அச்சு முறியும் என்று எதிர்பார்த்தே கிளம்புவது அவ்வளவு பழைய வழக்கம்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது கைவினையைவிட உறவு. வண்டியைச் செய்த ஆசாரியே அதை ஆண்டுதோறும் பழுது பார்த்தார். பல கிராமங்களில் அவருக்குக் கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. ஒரு வேலைக்கு ஒரு விலை என்றில்லாமல் ஆண்டு முழுவதுக்குமான பங்காகக் கூலி இருந்தபோது, வண்டி அடிக்கடி கெடாமல் இருப்பதில்தான் ஆசாரிக்கு ஆதாயம். போன வருஷம் எந்தச் சக்கரத்தின் குடம் ஆடியது, எந்த வட்டை மாற்றியது என்பது அவருக்குத் தெரியும். சாதிக் கட்டுமானத்துக்குள் கட்டுண்ட ஏற்பாடு அது; அதன் அநியாயங்களை மறந்துவிட்டு ஏங்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சக்கரத்தின் வரலாற்றை ஒரு மனிதர் தலையில் வைத்திருந்தார் என்ற உண்மை அதனால் இல்லாமல் போகாது.

மோட்டார் வண்டி வந்ததும் சாலை யாருக்கு என்ற வழக்கு தொடங்கியது. சாலைகளை மேம்படுத்துவது பற்றி ஆராய எம்.ஆர். ஜெயகர் தலைமையில் 1927இல் அமைக்கப்பட்ட குழு மறு ஆண்டில் அறிக்கை தந்தது. அதையொட்டி 1929இல் பெட்ரோல் காலனுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்து மத்திய சாலை நிதி உருவானது. மோட்டார்காரர் வரி கட்டுகிறார், மாட்டு வண்டியின் இரும்புப் பட்டா சாலையைக் கிழிக்கிறது என்ற முறையீடு அந்தக் காலத்துச் சாலைப் பொறியாளர்களிடையே ஓயாமல் கேட்டது. அதில் உண்மை உண்டு. ஒரு விளிம்பில் நின்று ஆடும் ஒடுக்கமான பட்டா கப்பியை உழுதுவிடும். ஆனால் சாலையும் பட்டாவைக் கெடுத்தது. குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் குடத்தின் குழல் அடிவாங்கியது, குழல் தேயத் தேயச் சக்கரம் இன்னும் ஆடியது, ஆடிய சக்கரம் குழியை இன்னும் ஆழமாக்கியது. இந்தச் சுழலில் ஒரு தரப்பை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. 1970களின் இறுதியில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி நாட்டில் ஒன்றரைக் கோடி மாட்டு வண்டிகள் இருப்பதாகக் கணக்குச் சொல்லி, சக்கரத்தையும் அச்சையும் நுகத்தையும் திருத்த வேண்டும் என்று இயக்கமே நடத்தினார். வண்டியை ஒழிக்கச் சொல்லவில்லை, அதன் பொறியைக் கவனிக்கச் சொன்னார். காற்றடைத்த ரப்பர் சக்கரமும் பேரிங்கும் கொண்ட டயர் வண்டி அதற்கு முன்பே கிராமங்களுக்கு வரத் தொடங்கியிருந்தது. சாலைக்கும் மாட்டின் கழுத்துக்கும் அது செய்த நன்மை பெரிது. கூடவே, பட்டா கட்டத் தெரிந்தவரிடமிருந்து பஞ்சர் ஒட்டத் தெரிந்தவரிடம் சக்கரம் கைமாறியது.

பேருந்துக்கு வருவோம். மதுரையைத் தளமாகக் கொண்டு டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911, 1912 ஆண்டுகளில் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். அவர் ஆரம்பத்தில் வண்டி விட்ட தடங்களைச் சொல்லும்போது தஞ்சாவூர்–புதுக்கோட்டைத் தடத்தின் பெயரும் சொல்லப்படுகிறது. ரயில் இல்லாத தலைநகரம் பேருந்துக்காரருக்கு இயல்பான களம் என்பதால் இதில் வியப்பில்லை. கந்தர்வகோட்டை வழியாகப் போகும் அந்தச் சாலையில் மோட்டார் டயரும் மாட்டு வண்டியும் ஒரே தடத்தைப் பகிர்ந்தன. மாட்டின் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணி டயருக்கு எமன். ஆணிகளைப் பொறுக்க, காந்தம் பூட்டிய வண்டியொன்றைச் சாலையில் முன்னால் ஓடவிட்டார்கள் என்பது அவருடைய டி.வி.எஸ். நிறுவனத்தைப் பற்றித் தென்மாவட்டங்களில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அந்தச் செய்தி ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்று யோசிக்க வேண்டும். டயர் கெட்டால் டயரை மாற்றுவதோடு நிற்காமல், கெடுத்தது எது என்று சாலையில் போய்த் தேடிய மனப்பாங்கை மக்கள் அதில் கண்டார்கள். பேருந்து நிறுவனத்துக்கு எரிபொருளுக்கு அடுத்தபடியாகப் பணத்தைத் தின்னும் பொருள்களில் ஒன்று டயர். ஐம்பது வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு டயர் ஆயிரம் மைல் முன்னதாகச் சாவது கணக்குப் புத்தகத்தில் தெரியும். எந்தத் தடத்து வண்டியில், எந்தச் சக்கரத்தில் என்பதும் தெரியும். அதனால் காரணம் தேடும் பொறுப்பு பணிமனைக்குப் போயிற்று.

ரப்பரின் கதையும் இந்த மண்ணைத் தொட்டே போகிறது. ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி, விராச்சிலை, மேலைச்சிவபுரி என்று இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் இருக்கும் நகரத்தார் ஊர்களின் பெருவீடுகள் பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. மலாயாவில் கடன் கொடுத்த செட்டியார்கள் பலர், 1930களின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாதபோது ரப்பர் தோட்டங்களுக்கு உடைமையாளர்களானார்கள். அந்தத் தோட்டங்களில் கங்காணிகள் வழியாகப் போய்ப் பால் வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் வியர்வையின் விலையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜாவாவும் போயிற்று. உலகின் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. புதுக்கோட்டைச் சீமைக்கு இது இரட்டை அடி: கடல் தாண்டிப் போட்ட முதல் முடங்கியது, ஊருக்குள் ஓடும் பேருந்துக்கு டயர் கிடைக்கவில்லை. பெட்ரோலும் அரிதானபோது கரியை எரித்து வாயு எடுக்கும் கலத்தை டி.வி.எஸ். தயாரித்தது, பேருந்தின் பின்னால் கொதிகலன் தொங்கியது. வங்கத்தில் சாகாகஞ்சில் 1936இல் தொடங்கிய டன்லப் ஆலை உள்நாட்டிலேயே டயர் செய்தாலும், போர்க்காலத்தில் பொதுமக்கள் வண்டிக்கு எஞ்சியது சொற்பம். திருவிதாங்கூர்ப் பக்கத்து ரப்பரைப் பெருக்க 1942இலேயே ரப்பர் உற்பத்தி வாரியம் அமைந்தது. இருக்கிற டயரை எப்படியாவது உயிரோடு வைத்திருப்பது என்ற கலை அந்த நெருக்கடியில்தான் ஊன்றியது.

ரீட்ரெட் என்று பட்டறையில் சொல்லும் அந்தக் கலை, சீரற்ற தேய்மானத்தைக் கண்டுபிடிக்கும் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. தேய்ந்த டயரைச் சுரண்டி, உள்ளே கூடு சேதமில்லாமல் இருக்கிறதா என்று விளக்கடியில் விரித்துப் பார்த்து, புது ரப்பர்ப் பட்டை ஒட்டி வெந்நிலையில் பதமாக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்துவிட்ட டயர் இதற்குத் தகுதி இழந்துவிடும், மறு பக்கத்தில் பாதி ரப்பர் மிச்சமிருந்தாலும். ஆகவே பட்டறையில் ஒதுக்கப்படும் ஒவ்வொரு டயரும் பணிமனைக்கு ஒரு கேள்வியாகத் திரும்பிப் போயிற்று: இந்த வண்டியின் கிங்பின் ஆடுகிறதா, காற்று குறைவாக ஓட்டினார்களா, இரட்டைச் சக்கரத்தில் அளவு பொருந்தாத இரண்டைச் சேர்த்துப் பூட்டினார்களா? எம்.ஆர்.எஃப். 1952இல் ரீட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கிய பிறகே 1961இல் டயர் செய்யத் தொடங்கியது என்பதைப் பார்த்தால், சென்னை மாகாணத்தில் டயரைப் பிழைக்கவைக்கும் தொழில் டயரைப் பிறப்பிக்கும் தொழிலுக்கு மூத்தது என்பது புரியும். 1972இல் தமிழ்நாட்டில் பேருந்துகள் அரசுடைமையானபோது இந்த அறிவும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளுக்குள் வந்தது. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. பின்னர் வீரன் அழகுமுத்துக்கோன் பெயரில் புதுக்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட கழகமும் இயங்கியது. 1997இல் கழகங்களின் பெயரிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீங்கின, இன்று அந்த மண்டலம் கும்பகோணம் கோட்டத்தில் இருக்கிறது. பெயர்கள் மாறினாலும் பணிமனையின் ஒரு வழக்கம் மாறவில்லை. ஒவ்வொரு டயருக்கும் எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அட்டை உண்டு. எந்த நாளில் எந்த வண்டியில் எந்தச் சக்கரத்தில் ஏறியது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை ரீட்ரெட் ஆனது, எதனால் கழற்றப்பட்டது என்பது அதில் ஏறும். ஆசாரியின் தலையில் இருந்த நினைவு காகிதத்துக்கு வந்த வடிவம் இது.

சொந்தக் காரின் பெருக்கம் இந்தச் சங்கிலியை அறுத்தது. மாருதி 800 வந்த 1983க்குப் பிறகு, குறிப்பாக 1990களுக்குப் பிறகு, சிற்றூர்களிலும் கார் சாதாரணமானது. நைலான் டயர் போய் ரேடியல் வந்தது. ரேடியல் நல்ல டயர். நீண்ட நாள் உழைக்கும், சாலையைப் பிடித்து ஓடும், எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் அதன் பக்கச் சுவர் இயல்பிலேயே சற்றுப் பிதுங்கி நிற்பதால், காற்று குறைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. குறைந்த காற்றில் ஓடினால் இரு ஓரங்களும் தேயும், மிகுந்த காற்றில் ஓடினால் நடு தேயும். சக்கரம் உட்புறமாகச் சாய்ந்தால் உள்விளிம்பு தேயும். அது நின்றபடி பார்ப்பவர் கண்ணில் படாத பக்கம். சக்கரம் நேர்கோட்டிலிருந்து அரை பாகை திரும்பியிருந்தால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபடுகிறது. நூறு கிலோமீட்டர் போய் வந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம் ரப்பரைத் தார்மீது குறுக்கே தேய்த்ததற்குச் சமம். அப்படி இழுபட்ட டயரின் கட்டங்கள் ரம்பப் பல் போல ஒரு முனை உயர்ந்து ஒரு முனை தாழ்ந்து நிற்கும். கையை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கும், எதிர்த் திசையில் ஓட்டினால் உறுத்தும். ஷாக் அப்சார்பர் ஓய்ந்துபோனால் சக்கரம் தரையில் குதித்துக் குதித்து ஓடி, டயரின் சுற்றளவு முழுக்கக் குழி குழியாகத் தேயும். இந்தப் பற்களும் குழிகளும் தரையில் அடுத்தடுத்து அறைவதே காருக்குள் கேட்கும் இரைச்சல். முன்சக்கரத்தால் இழுக்கப்படும் சிறிய கார்களில், ஒருவர் இருவர் மட்டும் போகும்போது பின்பக்கம் பாரமில்லாமல் துள்ளும். அதனால் சத்தம் பல நேரம் பின்டயரிலிருந்து வரும், பழி முன்னால் இருக்கும் பேரிங்கின் மேல் விழும். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. தார்ச் சாலையிலிருந்து கிராமத்துச் சிமென்டுச் சாலைக்குள் நுழைந்ததும் சத்தத்தின் குரல் மாறினால் அது டயர். வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறைந்தால் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். முன்டயரைப் பின்னால் மாற்றிப் போட்டுப் பார்த்தால் சத்தமும் கூடவே இடம் மாறுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இதெல்லாம் பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாதது அல்ல. அவர்களிடம் இல்லாதது அந்தக் குறிப்பிட்ட டயரின் கடந்தகாலம். கார் ஒரு முறை பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிறது, இன்னொரு முறை புறவழிச் சாலையோரக் கடையில் பஞ்சர் ஒட்டுகிறது, வேறொரு ஊரில் சக்கரக் கோணத்தைத் திருத்தும் அலைன்மென்ட் பார்க்கிறது. ஒவ்வொரு கையும் திறமையான கை. ஆனால் ஒரு கைக்கு மறு கை செய்தது தெரியாது. கார் டயரை ரீட்ரெட் செய்வதும் அருகிவிட்டதால், கழற்றிய டயரை விரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் அந்தக் கடைசிக் கண்ணும் இல்லை. பழைய டயர் குவியலில் போய் விழுகிறது, அது வைத்திருந்த சாட்சியமும் அதோடு போகிறது.

இந்த வாதத்துக்கு வரும் வலுவான மறுப்பு, அந்தக் காலத்துக் கவனம் எல்லாம் பஞ்சத்தின் பிள்ளை என்பது. டயர் கிடைக்கவில்லை, அதனால் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். இன்று கிடைக்கிறது, வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். கவனத்தைப் பிறப்பித்தது தட்டுப்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர்க்காலத் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பணிமனைகள் அட்டையை விடவில்லை. அட்டை இல்லாவிட்டால் அதே வண்டி அதே சக்கரத்தில் டயரைத் தின்றுகொண்டே இருக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. டயர் மலிந்தாலும் காரணம் தானாகச் சரியாவதில்லை. ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழத்தோடு வரும் புது டயர், கோணம் திருத்தப்படாத சக்கரத்தில் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு விளிம்பை இழந்துவிடும். மலிவாக வாங்கினோம் என்ற நிறைவு அத்தோடு தீர்ந்துவிடும்.

கணினி பொருத்திய அலைன்மென்ட் எந்திரம் இருக்கிறதே, நினைவு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அந்த எந்திரம் பெரிய வரப்பிரசாதம். கயிறு கட்டி அளந்த காலத்தில் கிடைக்காத துல்லியத்தை அது தருகிறது. இருந்தாலும் அது அளப்பது ஆளும் பாரமும் இல்லாமல் அசையாமல் நிற்கும் காரின் அந்த நேரத்துக் கோணத்தை. ஆறு மாதம் காற்று குறைவாக ஓடியதையோ, ஓடும்போது தளர்ந்த புஷ் வழியாகக் கோணம் நழுவுவதையோ, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து வெறும் குழாயாக நிற்பதையோ அது சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. காரணத்தைச் சரியாகத் திருத்தினாலும் சத்தம் அன்றே போகாது, ஏற்கெனவே ரம்பப் பல்லாகிவிட்ட ரப்பர் அப்படியேதான் இருக்கும். முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போட்டு ஓரிரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் சில டயர்கள் சமனாகும், சில ஆகா. காசு கொடுத்து அலைன்மென்ட் பார்த்தும் சத்தம் போகவில்லையே என்று வாடிக்கையாளர் கோபப்படுவார் என்ற அச்சத்தில்தான் பல கடைக்காரர்கள் நேராகப் புது டயரைச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வது சரியல்ல. பொறுமையாகக் கேட்கும் வாடிக்கையாளரும் குறைந்துவிட்டார்.

சாலையைத் திருத்தாமல் டயரைப் பேசி என்ன பயன் என்று கேட்பவர்களோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடு. மாவட்டத்தின் உட்பகுதிச் சாலைகளில் பல, 3.75 மீட்டர் அகல ஒற்றைத் தடங்கள். எதிரே பேருந்து வந்தால் இடப்பக்கச் சக்கரங்களைத் தாரிலிருந்து மண்ணுக்கு இறக்க வேண்டும். மழை அரித்த விளிம்பில் அந்த இறக்கம் ஒரு சாண் வரைகூட இருக்கும். மறுபடி ஏற்றும்போது டயரின் தோள் சாலை விளிம்பில் மோதி, டை ராடு வரை அதிர்ந்து கோணம் கலைகிறது. அறிவிப்பில்லாத வேகத்தடைகளும் தங்கள் பங்கைச் செய்கின்றன. சாலையோர மண்ணை மட்டம் செய்து இறுக்கிவைப்பது நெடுஞ்சாலைத் துறையின், ஊராட்சி ஒன்றியங்களின் கடமை. அதைக் கேட்கும் உரிமை வரி கட்டும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஜெயகர் குழுக் காலத்து வழக்கு நமக்குக் காட்டுவது, சாலையும் சக்கரமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதை. சாலை திருந்தும் வரை சக்கரத்தைக் கவனிக்காமல் விட்டால் இரண்டும் சேர்ந்து கெடும். சாலை நன்றாகிவிட்டால் சத்தம் போய்விடும் என்பதும் உறுதியல்ல. திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடிப் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலைகள் வழவழப்பாகி வேகம் கூடியபோதுதான், முன்பு குழிகளின் குலுக்கலில் அமுங்கிக் கிடந்த டயர் இரைச்சல் தனியாகக் காதில் விழத் தொடங்கியது.

பாதுகாப்பைக் காட்டி மறுப்பவர்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். காரின் டயரில் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே ஆழம் போய்விட்டாலோ, உள்விளிம்பில் கம்பி தெரிந்தாலோ, பக்கத்தில் கொப்புளம் கிளம்பியிருந்தாலோ அதற்குப் பிறகு சிக்கனம் பேசக் கூடாது. அன்றே கழற்ற வேண்டும். மழை நாளில் மொட்டை டயரோடு விராலிமலைப் பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. காரணத்தைத் தேடு என்பது டயரை மாற்றாதே என்பதல்ல. மாற்றும் நாளிலாவது பழைய டயரைத் திருப்பிப் போட்டு, எந்த விளிம்பு தேய்ந்திருக்கிறது, உள்ளேயா வெளியேயா, நான்கிலுமா ஒன்றிலா என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பதே கேட்பது.

டயர் உருளும் சத்தத்துக்கும் ஈரத்தில் பிடிப்புக்கும் அளவு வைக்கும் விதிகளை மத்திய அரசு 2022இல் அறிவித்தது. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் அது ஆலையிலிருந்து வெளிவரும் புது டயருக்கானது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய டயரின் சத்தத்துக்கு எந்த விதியும் காவல் இல்லை. அங்கே பணிமனை அட்டையைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். காரின் கையுறைப் பெட்டியில் ஒரு சிறு நோட்டு போதும். டயர் பூட்டிய நாளும் அப்போது மீட்டரில் காட்டிய கிலோமீட்டரும். மாதம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடேறும் முன், ஸ்டெப்னியையும் சேர்த்துப் பார்த்த காற்றின் அளவு. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றியது, எந்தச் சக்கரம் எங்கே போயிற்று என்பது. அலைன்மென்ட் கடையில் கொடுத்த அச்சுத் தாள், திருத்துவதற்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் இருக்கும்படியாக. பெருங்குழியில் இறங்கி அடிவாங்கிய நாள். சத்தம் முதலில் எந்த வேகத்தில், எந்தச் சாலையில் கேட்டது என்றும் ஒரு வரி. கழற்றும் நாளில் எதனால் கழற்றினோம் என்பதையும் எழுத வேண்டும். பணிமனையில் அட்டையை மூடுவதற்கு முன் நிரப்பும் கட்டம் அதுதான்.